கடலைப் பார்த்து உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவனுக்கு

நேற்று சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகு அந்த மனுஷன் நிதானமாக ‘கோல்’ என்கிறார். எனக்கு வந்த எரிச்சலில் டீ ஆறிப்போனது. பந்து வலையில் விழுந்த பிறகு சொல்வதற்கு ஓர் ஆள் எதற்கு? பந்து காலைவிட்டுக் கிளம்பும்போதே சொல்லிப் பழகியவன் நான். மைக் இல்லை, சம்பளம் இல்லை, கேட்க நீ ஒருவன்தான் இருந்தாய். கடைக்காரரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். கண் தெரியாதவருக்கா சொன்னீர்கள் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல ஒரு டீ போதாது. அதனால் வீட்டுக்கு வந்து உனக்கே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், நம் கிளப்புக்கு இருந்த சொத்து ஒரு பந்து, மில்லில் நெசவு பார்க்கும் ஒரு காப்டன், பிறகு உன் தையல் மிஷின். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும் நீலத்துணியில் மிச்சம் வாங்கி நீதான் எல்லோருக்கும் சட்டை தைத்தாய். வேர்வை பட்டால் சாயம் இறங்கும். ஆட்டம் முடிந்து சட்டையைக் கழற்றினால் நம் ஆட்கள் கழுத்துவரை நீலமாக நிற்பார்கள். மறுநாள் எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு வந்த, கோலுக்கு முன்னால் நின்று தடுத்தாடும் பேக் ஒருவனைப் பார்த்து, இது என்ன நோய் என்று பங்குச் சாமியார் கேட்டாராம். நீ அதைக் கேட்டுக் கையில் ஊசியை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகுதான் அந்தச் சனியன் பிடித்தது. மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பையின் கடைசி ஆட்டம்வரை போனோம், மூன்றிலும் தோற்றோம். கடையைப் பூட்டி, தொழுதுவிட்டு, நீ எப்போதும் தாமதமாகத்தான் வருவாய். மூன்று தடவையும் நீ மைதானத்துக்குள் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் நமக்கு கோல் விழுந்தது. மூன்றாவது தோல்விக்குப் பிறகு காப்டன் உன் கடைக்கே வந்து சொன்னான்.

“தப்பா எடுத்துக்காத. நீ வராம இருந்தா நல்லாருக்கும்.”

அவன் கெட்டவன் இல்லை, தோற்றுத் தோற்று அலுத்துப்போனவன். நீ சரியென்று தலையாட்டியிருக்கிறாய். அடுத்த இரண்டு ஆட்டத்துக்கு நீ வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உன் கண் படக் கூடாது என்பதுதானே அவன் பயம், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று உன்னை இழுத்து வந்தேன். மைதானத்துக்குக் கிழக்கே இருந்த குட்டைச் சுவரில் நாம் உட்கார்ந்தோம். என் கால் புல்பக்கம், உன் கால் மணல்பக்கம். நீ கடலைப் பார்ப்பாய், நான் ஆட்டத்தைச் சொல்வேன். இடையிடையே தையல்காரன் புத்தி போகாது. ஆட்டம் எப்படி என்று கேட்கமாட்டாய், அக்குள் தையல் பிரிந்ததா என்று கேட்பாய்.

அந்த ஏற்பாட்டில் ஒரு வினை இருந்தது. நாம் ஜெயிக்க ஆரம்பித்தோம். ஜெயிக்க ஜெயிக்க உன் முதுகுக்கு மரியாதை கூடியது, உன் கண்ணுக்குக் கெட்ட பெயர் நிலைத்தது. நண்பர்கள் வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். நீ நம்பிவிட்டாய். புதுக்கடைத் திறப்புக்குக் கூப்பிட்டால் போவதில்லை, கல்யாண வீட்டில் மணமக்களுக்கு எதிரே நிற்பதில்லை. “பாருடா, ஒண்ணும் ஆவாது” என்று எத்தனை முறை சொன்னேன். சுவரிடம் சொல்லியிருந்தால் அதுவாவது திரும்பியிருக்கும்.

பிறகு உனக்கு மகள் பிறந்தாள். தவமிருந்து பெற்ற பிள்ளை. பெயர் வைத்த அன்று ஊரே வந்து சாப்பிட்டது, நீ மட்டும் அறைக்கு வெளியே நின்று விருந்தைக் கவனித்தாய். வெட்கப்படுகிறாய் என்று நினைத்துவிட்டேன். புறப்படும்போது உன் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, புள்ள மொகத்த இன்னும் பாக்கல இவுரு. ஏங் கண்ணு பட்டா அதுக்கு எதனா ஆயிடும்ன்றாரு. நீங்கதான் சொல்லணும்.”

உன்னைச் சுவரில் திருப்பி உட்காரவைத்தவன் நான்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைக்கால்காரர்களோடு கடைசி ஆட்டம். அவர்கள் மேளத்தோடு வந்திருந்தார்கள். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்த ஒரு சொல்தாதான் ரெஃப்ரி. வேலையை விட்டும் பட்டாள நடையை அவர் விடவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது அவர்கள் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போய்ப் பக்கவாட்டு வலையில் மோதியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு உள்ளே போனதுபோலவே தெரிந்தது. மேளம் முழங்கியது, காரைக்கால் கூட்டம் குதித்தது. ரெஃப்ரி கோல் இல்லை என்று தலையை ஆட்டி, நம் பக்கம் பந்தை வைக்கச் சொல்லிவிட்டார். நீ கடலைப் பார்த்தபடி என்ன ஆச்சு என்று கேட்டாய்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. “போச்சுடா. கோல் வுழுந்துடுச்சி.”

நீ, இனிமேல் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்று முணுமுணுத்துக்கொண்டு, காலைத் தூக்கிச் சுவருக்கு இந்தப் பக்கம் போட்டாய். வருஷக்கணக்கில் காதால் மட்டும் கேட்ட ஆட்டம் உன் கண்முன்னால் ஓடியது. நீ முதலில் சொன்னது இதுதான்: “சட்டைங்கல்லாம் நல்லாதான்டா கீது.”

இப்போது நிஜமாகவே நமக்கு ஒரு கோல் விழுந்தால்? அப்புறம் அந்தப் பிள்ளையின் முகத்தை நீ ஆயுசுக்கும் பார்க்கமாட்டாய். அந்தோணியாரே, மாதாவே என்று தெரிந்த பெயரையெல்லாம் உள்ளுக்குள் கூப்பிட்டேன். நம் கோல்கீப்பர் ஒரு பந்தைப் பிடித்து நழுவவிட்டு மறுபடி பிடித்தபோது என் உயிர் போய் வந்தது. நீயோ தோற்றவன் நிம்மதியில் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் நம் காப்டனே பந்தை எடுத்துக்கொண்டு போனான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், உன் தையல் பிரியாமல் நின்றது. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து வலைக்குள் போனது.

விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு ஒன்று சமமா என்று கேட்டாய். “இல்லடா. அவுனுங்க போடவே இல்ல. நாமதான் ஜெயிச்சோம், நீ பாத்துக்கினு இருக்க சொல்லதான் ஜெயிச்சோம்.”

நீ என்னை ஓர் அறை விட்டாய். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாய். அன்று நீ கேட்டிருந்தால் இன்னொரு கன்னத்தையும் கொடுத்திருப்பேன். கோப்பையோடு காப்டன் உன்னைத் தேடி வந்தபோது சுவரில் நீ இல்லை. வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தாய். நான் பின்னால் வந்து சேர்ந்தபோது விளக்கடியில் பிள்ளையை மடியில் வைத்து, மூக்கு யாருடையது என்று உன் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய மூச்சு விட்டதில்லை.

அதற்குப் பிறகு காப்டன் உன்னை கோலுக்குப் பின்னாலேயே உட்காரவைத்தான். நீ கண்கொட்டாமல் பார்க்கப் பார்க்க எத்தனையோ தடவை தோற்றோம். அப்பாடா, நிம்மதியாகத் தோற்றோம். நம் பேக்குகளைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனோம், உன் கண்ணை யாரும் திட்டவில்லை. நீயோ பெருநாளுக்குப் பெருநாள் அந்தக் கதையை உன் மகளுக்குச் சொல்லி, வருஷத்துக்கு ஒரு கோல் கூட்டிக்கொண்டே போனாய்.

நீ போன அன்று கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. பார்க்காவிட்டால் நீ இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கிறுக்குப் புத்தி. வாசலில் தெருவைப் பார்த்து, உள்ளே முதுகைக் காட்டி நின்றுவிட்டேன். உன் மகள்தான் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

“மாமா, திரும்பிப் பாருங்க. ஒண்ணும் ஆவாது.”

திரும்பினேன். அன்று சுவரில் தோற்றுவிட்டோம் என்று நம்பி உட்கார்ந்திருந்தாயே, அதே சாவகாசமான முகம்தான். உனக்கு நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன அந்த வார்த்தை, உன் வீட்டிலிருந்து எனக்கே திரும்பி வந்துவிட்டது. இப்போது எதைக் கண்டு பயந்தாலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் பார்க்கிறேன், பார்த்துவிடவும் முடிகிறது.