முதல் சுற்றிலேயே நான்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் டெல்லா வணக்கத்துடன் எழுதுவது. பள்ளி விடுதியில் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சோள அறுவடை முடிந்ததா?

கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டேன். நேற்று, ராணுவ அதிகாரிப் பயிற்சியோடு கல்லூரிச் செலவையும் தரும் உதவித்தொகைக்கு முதல் சுற்று நேர்காணல். அது கிடைத்தால்தான் நான் கல்லூரிக்குப் போக முடியும். அதற்கு முன் நடந்த உடற்தகுதித் தேர்வில் தண்டால் எடுக்கும்போது மூக்கு தரையில் இடித்துச் சிவந்துவிட்டது. பயப்படாதீர்கள். அதே மூக்கோடு, நேர்காணல் எடுத்த மேஜர் ஓக்லி முன் உட்கார்ந்தேன்.

"மூக்குக்கு என்னம்மா ஆச்சு?"

"தண்டால், சார். ஆனா மூக்கு இடிச்ச தண்டாலையும் கணக்குல சேத்துட்டாங்க."

சிரித்துவிட்டார். "சரி, இந்தச் சுற்றுல உன்னை எடுக்கலேன்னா?"

"ஜனவரிச் சுற்றுக்கு வருவேன், சார்."

"அதுலயும் எடுக்கலேன்னா?"

"மார்ச்ல இன்னொண்ணு இருக்கே, சார். அதுக்குத்தான் இப்பவே ஆரம்பிச்சேன்."

"உன்னை இப்பவே எடுத்துட்டா எங்களுக்கு வேலை மிச்சம்போல" என்றார். அம்மா, எனக்குத் தூக்கமே வரவில்லை.

எனக்குப் பதினேழுதான் என்பதால் உங்கள் சம்மதமும் வேண்டுமாம். ஞாயிறு பேசும்போது சரி என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் கேட்பேன்.

காலையில் ஓடப் போகையில் குளிர்கிறது. உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

டெல்லா