ஈவாஞ்சலின் மீது நான் கொடுத்த படர்தாமரைப் புகார்

அனுப்புநர்:
பிலோமி, க/பெ ரோச்,
இறால் உரிக்கும் தொழிலாளி,
புன்னைக்காயல், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம்,
தூத்துக்குடி.

பொருள்: சென்ற மாதம் நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – ஈவாஞ்சலினுக்கு மீண்டும் வேலை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முத்தையாபுரம் அருகிலுள்ள இறால் கம்பெனியில் நானும் ஈவாஞ்சலினும் ஏழு வருடங்களாக ஒரே மேசையில் வேலை செய்தோம். ஐஸ் தண்ணீரில் நனைந்த உடுப்போடு நாள் முழுக்க நிற்பதால் இருவருக்கும் இடுப்பிலும் முதுகிலும் படர்தாமரை வந்தது.

2. நான் மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கிப் பூசினேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. பூசுவதை விட்டதும் இரு மடங்காகப் படர்ந்தது. ஈவாஞ்சலின் என்னிடம், “ஏளா பிலோமி, அதப் போடாத. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், ஒங்கூட நானும் வாரேன்” என்றார். இவர் சொல்லி நான் போவதா என்று இருந்துவிட்டேன்.

3. அவர் தனியாகப் போனார். அரிப்பு அடங்கிய பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரை சாப்பிட்டார். வேலை முடிந்ததும் உடம்பை ஈரமில்லாமல் துடைத்து மாற்றுடை உடுத்தினார். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தார். இரண்டு மாதம் கழித்து உடைமாற்றும் அறையில் அவர் முதுகைப் பார்த்தேன். மங்கிய கறை மட்டுமே இருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே அவரை ஈரமில்லாத பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாக்கினார்கள். வேலையில் நான் அவருக்கு மூத்தவள்.

4. அந்த எரிச்சலில்தான், தொற்றுநோய் உள்ளவர் உணவுப் பொருளைத் தொடுகிறார் என்று தங்களுக்கு எழுதி, கம்பெனிக்கும் நகல் கொடுத்தேன். அவர் குணமானது எனக்குத் தெரியும். என் இடுப்பில் இருந்ததை நான் எழுதவில்லை. மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள்.

5. பிறகு என் கணவருக்கும் மகளுக்கும் பரவியதால் மருத்துவமனைக்குப் போனேன். நான் வாங்கிய ட்யூபில் ஸ்டீராய்டு இருப்பதாகவும், அது அரிப்பை அமுக்கிப் பூஞ்சையை வளரவிடும் என்றும் டாக்டர் கூறினார். மூவரும் ஒரே துண்டால் துடைத்துவந்தோம். இப்போது தனித்தனித் துண்டு. மருந்து மூவருக்கும் சேர்த்து.

6. ஈவாஞ்சலின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “மாத்திரையப் பாதில விட்டுராத” என்றார். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

ஆகவே அவரை அதே பொறுப்பில் சேர்க்கவும், எல்லோருக்கும் தோல் பரிசோதனையும் நனையாத ஏப்ரனும் கிடைக்கவும், டாக்டர் சீட்டில்லாமல் இந்த ட்யூப்களை விற்பது குறித்து உரிய துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். இனி அவரைப் பற்றி என் கையெழுத்தில் வேறு புகார் வந்தால் தயவுசெய்து ஏற்க வேண்டாம்.

இடம்: புன்னைக்காயல்
நாள்: 14.11.2024

இப்படிக்கு,
பிலோமி