கூட்டி எழுதிய எட்டு மாதம்

மயூர் விஹார்,
செவ்வாய்க்கிழமை

என்னவருக்கு,

எல்லையில் உங்களுக்குப் போன் போகவில்லை. நம் பிள்ளை அடித்த பையன் இன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். எழுதியதை நானே நம்ப முடியாமல் திரும்பப் படிக்கிறேன்.

பள்ளிச் சான்றிதழைப் பார்த்த வக்கீல், "பதினாறு தாண்டிடுச்சும்மா. பெரியவங்க கோர்ட்டுக்கே அனுப்பலாம்" என்றார். "பதினஞ்சுதான் ஸார்!" என்று கத்தினேன். கோர்ட்டில் பள்ளித் தேதியைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

எல்.கே.ஜி. சேர்க்கும்போது ஒரு வருஷம் வீணாகக் கூடாதென்று வயதில் எட்டு மாதம் கூட்டி எழுதினோமே, அந்தத் தேதி.

லீவு கேட்டு உடனே வாருங்கள்.

பதினாறு வயதானவர்களையும் பெரியவர்களைப் போலவே விசாரிக்கலாம் என்று சட்டம் மாறிய நாளில், டிவி முன்னால் உட்கார்ந்து நாம் கை தட்டினோம். என் மடியில் இருந்தவனும் நம்மைப் பார்த்துத் தட்டினான். அப்போது அவனுக்கு ஐந்து வயது.

அவனைப் பெற்றவள்