பத்துப் பேர் சேர்ந்தால்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே காய்ச்சல், இருமல் ஒன்றும் அண்டாமல் இருக்கிறீர்களா. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் வைத்துக்கொள். போனில் நீ அழுதால் நானும் அழுதுவிடுகிறேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். கொரோனா ஊசி வந்து எத்தனை நாளாச்சு, மூச்சுத் தொந்தரவு இருக்கிற அப்பாவை ஏன் கூட்டிட்டுப் போகலை, அவ்வளவு அலட்சியமா என்று கேட்டாயே, அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. உன்மேல் கோபமில்லை, நடந்தது உனக்குத் தெரியாது.

நாங்கள் முதல் நாளே போனோம் அம்மாடி. அப்பா வேலை பார்த்த பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற சுகாதார நிலையத்தில்தான் போட்டார்கள். ஒரு புட்டி மருந்து பத்துப் பேருக்கு வருமாம், திறந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்தாக வேண்டும், மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும். ஒரு சொட்டு வீணானாலும் விளக்கம் கேட்போம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு, அதனால் பத்துப் பேர் சேராமல் நர்ஸம்மா புட்டியைத் தொடமாட்டாள். ஆறு பேர் ஏழு பேர் மத்தியானம் வரை பெஞ்சைத் தேய்த்துவிட்டுத் திரும்பி வருவோம். வேலைக்குப் போகிறவர்களை ஒரு தடவை திருப்பி அனுப்பினால் மறுநாள் வருவார்களா, அதனால் எந்த நாளும் ஆள் சேரவில்லை. குளிர்பெட்டி நிறைய மருந்து, வெளியே நாங்கள். பஸ்ஸுல ஒரே ஒருத்தர் உக்காந்திருந்தாலும் நேரத்துக்கு வண்டியை எடுத்தவன் நான், இவங்க என்னடான்னா ஷேர் வேன்காரன் மாதிரி ஆள் நிறையட்டும்னு நிக்கிறாங்க என்று அப்பா சொல்வார், நர்ஸம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும். அவளைக் குறை சொல்லாதே, பக்கத்து நிலையத்து நர்ஸுக்கு மெமோ வந்ததைப் பார்த்து மிரண்டுபோயிருந்தாள்.

பிறகு ஒரு நாள் எப்படியோ பத்துப் பேர் சேர்ந்தோம். எனக்குப் போட்டு உள்ளறையில் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள், அடுத்தது அப்பாதான் கடைசி ஆள் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து நம் தெருவைக் கூட்டும் பெண் மூச்சிரைக்க ஓடி வந்திருக்கிறாள், இன்னொரு நாள் வந்தால் கூலி போய்விடும் என்றிருக்கிறாள். உன் அப்பா எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டார். நான் வெளியே வந்து சத்தம் போட்டேன். எனக்கென்ன, பென்ஷன் வாங்கிட்டு வீட்ல கிடக்கிறவன், நாலு தெருக் குப்பையை அள்ளுறது அவதானே, நாளைக்கு நான்தான் முதல் ஆள் என்று சமாதானம் சொன்னார்.

சொன்னபடி முதல் ஆளாகத்தான் போனார், தினமும். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, டியூட்டிக்குக் கிளம்புகிற மாதிரி. எட்டுப் பேர் வந்த நாளில் நானே கடைத்தெருவில் இறங்கி வாங்க வாங்க என்று ஆளைக் கூப்பிட்டேன், ஒருத்தர்தான் வந்தார். மறுநாள் அப்பாவுக்கு உடம்பு சுட்டது. மற்றதெல்லாம் நீ அறிந்ததுதான், ஆஸ்பத்திரி வராந்தா, ஆக்ஸிஜன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை அசைத்தது. மூடிக் கட்டித்தான் கொடுத்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் போன முதல் நாளே போட்டிருந்தால் இருந்திருப்பார். இதை நான் சாகும்வரை சொல்வேன்.

தெரு கூட்டும் பெண் நம் வாசலுக்கு வந்தால் விளக்குமாறைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து போகிறாள். பாவம், அவள் என்ன செய்வாள், நாளைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும்.

நேற்று இரண்டாவது ஊசிக்குப் போனேன். சுவரில் புதிதாக ஒரு பாராட்டுப் பத்திரம், மருந்தை வீணாக்காத நிலையம் என்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். இப்போது உத்தரவும் மாறிவிட்டதாம், ஒருத்தர் வந்தாலும் திறக்கலாமாம். பெஞ்சில் நான் மட்டும்தான். நர்ஸம்மா என் முகத்தைப் பார்க்காமல் புதுப் புட்டியைத் திறந்து எனக்குப் போட்டாள். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வேறு யாரும் வரவில்லை. மிச்சத்தை என் கண்ணெதிரே கொட்டினாள்.

நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், சின்னவளுக்கு என் முத்தம். உன் முறை வரும்போது தள்ளிப்போடாமல் போய்ப் போட்டுக்கொள். நீ அப்பாவின் பெண், வரிசையில் யாராவது கெஞ்சினால் எழுந்துவிடுவாய். எழுந்திருக்காதே. நான் இப்படி எழுதியதைப் பார்த்தால் அவர் திட்டுவார். திட்டட்டும், வந்து திட்டட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா