காலையில் பிடித்த மீன்

என் குஞ்சுக்கு,

ஒனிஹங்கா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஞாயிறு பூசை முடியப் பக்கத்து வீட்டு அஞ்சலினா கேட்டாள், "அயர்லாந்தில டொனிகோல் கரை சரியான வடிவாமே, அன்ரி?" ஓம் என்றேன். பச்சை மலை, வெள்ளை மணல், படம் எடுக்க வரிசையில் நிற்கும் சனம். எனக்கென்றால் ஓங்காளம்தான் வந்தது.

நீ வழுக்கிக் கடலில் விழுந்த பாறையைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். உன் புருஷன் முதலில் கலங்கரை விளக்கம் காட்டினார், பிறகு செம்மறி ஆடு காட்டினார். கடைசியில் பாறைக்கு வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு, "மாமி, இஞ்சால திரும்பிச் சிரியுங்கோ, வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். கடல் உன்னை இன்னும் திருப்பித் தரவில்லை. நான் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பது?

அதையும் பொறுத்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேருக்கும் மீன் சொன்னார். கடலில் ஆள் போனால், உடல் கிடைத்து அடக்கம் செய்யும்வரை மன்னாரில் நம் வீடுகளில் மீன் தொடுவதில்லை. அவரும் மன்னார்ப் பிள்ளைதானே.

"தம்பி, இது அந்தக் கடல் மீனெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமி, காலமை பிடிச்சது. நல்ல பிரெஷ்" என்று சொல்லி முள்ளைச் சூப்பினார்.

வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். திரும்பி வந்தால், எனக்கு வைத்த மீனையும் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போனில் எப்போதும் "நல்லா இருக்கிறன் அம்மா" என்றுதானே சொன்னாய். உண்மையாகவே நல்லாத்தான் இருந்தாயா, குஞ்சு?

உன் அம்மா