இல்லாத மஞ்சள் காமாலை

பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், ஊர்ப் பிள்ளைகளின் மனதையெல்லாம் சரி பண்ணுகிற டாக்டருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. கூடப் பிறந்த தங்கை இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் போகாமல் அறைக்குள் முடங்கிக் கிடக்கிறாள், போனில் நாலு வார்த்தை பேசி அவளைச் சரியாக்கு என்றால், சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்ப்பது எங்கள் தொழிலில் முறையில்லை என்று சட்டம் பேசினாய். உன்னோடு படித்தவள் ஒருத்தி இங்கே இருக்கிறாள், அவளிடம் கூட்டிப் போங்கள் என்றாய். நீ பல் டாக்டருக்குப் படித்திருந்தால் வீட்டில் ஒரு பல்லையாவது பிடுங்கியிருப்பாய்.

உனக்குத் தெரியாத கூத்து ஒன்று இருக்கிறது. பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டவர்களிடம் நானும் உன் அம்மாவும் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்தோம். வேறு என்ன சொல்வது, நீ படித்த படிப்பின் பெயரைச் சொன்னாலே நம் ஆட்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காருவார்கள். ஆனால் உன் அத்தை, அதுதான் என் அருமைத் தங்கை, கேட்ட மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து சின்னவளுக்கு உப்பில்லை, எண்ணெயில்லை. தினமும் காலையில் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, மஞ்சள் குறைந்திருக்கிறது, இல்லை கூடியிருக்கிறது என்று தீர்ப்பு வேறு. சின்னவள் வாயே திறக்காமல் அந்தச் சப்பைச் சாப்பாட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

நேற்று உன் தோழியிடம் போனோம். ஆஸ்பத்திரியா பொம்மைக் கடையா என்று உன் அம்மாவுக்கே சந்தேகம். சின்னவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள், பெற்றவர்களுக்கு வெளியேதான் இடம். முடிந்ததும் சின்னவள் என்ன சொன்னாள் என்று உன் தோழியிடம் கேட்டேன். "அவ சம்மதம் இல்லாம சொல்ல மாட்டேம்ப்பா. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லச் சொன்னா. தனக்கு மஞ்சள் காமாலை இல்லைன்னு நீங்க வீட்ல சொல்லணுமாம்" என்றாள். மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது, வைத்தியம் எனக்குத்தான்! இதைக் கற்றுக்கொள்ளத்தான் நீங்கள் இத்தனை வருடம் கண் விழித்துப் படித்தீர்களா?

வழியெல்லாம் சின்னவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தையிடம் சொல்லித் தொலைத்தேன். "அப்போ நான் கண்ணுல பார்த்த மஞ்சள் என்ன?" என்று சண்டைக்கு வந்தாள். பிறகு, "காமாலை இல்லைன்னா பிள்ளைக்கு என்னதான்?" என்றாள். எனக்கென்ன தெரியும்? என் பின்னாலிருந்து சின்னவள்தான் பதில் சொன்னாள். "பயம் அத்தை. கிளாஸ் வாசல்ல நின்னாலே மூச்சு முட்டுது. செத்துருவேன்னு தோணுது."

அத்தையிடம்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இந்த இரண்டு மாதத்தில் அவளை எழுப்பினேன், திட்டினேன், கெஞ்சினேன், கதவைத் தட்டி உடைக்காத குறை. இது என் காதில் விழவே இல்லை.

உன் தோழி அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறாள், கூட்டிப் போவேன். அதற்காக உங்கள் படிப்பை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று நினைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இரு, உன்னிடம் வருகிற பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் தங்கையைக் கூப்பிடு. டாக்டராக வேண்டாம், அக்காவாகப் பேசு. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா