கத்திச் சொல்ல முடியாத விஷயம்

மார்ச் 2, ஞாயிறு

என்னங்க,

ஒருமுறை ஏழாம் வகுப்பில் செரிமானப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாயில் தொடங்கிக் கீழ் வரைக்கும் கரும்பலகையில் வரைந்து முடித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், கடைசிக் கதவைப் பூட்டிட்டா உள்ள இருக்கறவங்க எப்படி வெளிய போவாங்க?" வகுப்பே சிரித்தது. "பக்கத்துச் சுவத்துல ஒரு கதவு வைக்க வேண்டியதுதான்" என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் எனக்குச் சொன்னதும் அதேதான். அவர் சிரிக்கவில்லை.

நீங்களும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தீர்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினீர்கள். எதுவும் உங்கள் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். காலமெல்லாம் பட்டறையில் லேத் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற காது அது. வீட்டுக்கு வந்து நானே சொல்லலாம் என்று பார்த்தேன். நேற்று "மலக்குடல்" என்று ஒரு தடவை கத்தியதற்கே மாடி வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "டீச்சர், கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். தண்ணீர் ஜாடிக்கு அடியில் வைக்கிறேன். பதிலையும் அங்கேயே வையுங்கள்.

விஷயம் இதுதான். கட்டி மலக்குடலின் அடியில், வாசலை ஒட்டி இருக்கிறது. அதை மட்டும் தனியாக எடுக்க முடியாது. மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தைத்து மூடிவிடுவார்கள். பெருங்குடலின் நுனியை வயிற்றின் இடது பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்துத் தைப்பார்கள். அதற்கு மேல் ஒரு பை ஒட்ட வேண்டும். சாலையில் பள்ளம் தோண்டினால் 'தற்காலிக மாற்றுப்பாதை' என்று பலகை வைப்பார்களே, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய பலகையில் 'தற்காலிக' என்ற சொல் இருக்காது.

எவ்வளவோ பிள்ளைகளுக்கு இதை விளக்கியிருக்கிறேன். எனக்கு நானே விளக்கும்போதுதான் ஒன்றும் புரியவில்லை. சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் எதற்குச் சம்மதித்தேன் என்று கேட்டால் உங்களைப் போல நானும் தலையாட்டத்தான் வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வயிற்றில் வரப்போகும் அந்தத் துளையை நீங்கள் பார்க்கக் கூடாது. எப்போதும். இதற்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்.

உங்கள்,
டீச்சர்


மார்ச் 2, சாயங்காலம்

டீச்சருக்கு,

லெட்டரை மூணு தடவை படிச்சேன். டாக்டர் சொன்னது ஒண்ணும் கேக்கலதான். உன் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். நீ தலையாட்டினப்பல்லாம் நானும் ஆட்டினேன். நீ கேட்டுக்கிட்டுத்தான் ஆட்டுறேன்னு நெனச்சேன்.

சில சந்தேகம். கீழ தைச்சு மூடிட்டா உக்கார முடியுமா? பட்டறையில ஒரு குழாயை அடைச்சா உள்ள அழுத்தம் ஏறும். உனக்கு ஏறாதுல்ல? பை எத்தனை கிலோ தாங்கும்? சிரிக்காதே. எனக்குத் தெரிஞ்ச கேள்வியைத்தானே நான் கேக்க முடியும்?

பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டே. சரி. பாக்க மாட்டேன். நான் கொடுத்த அளவு என்னைக்காவது மாறியிருக்கா?

பயமா இருக்கு. இதைக் கத்திச் சொல்ல முடியாது, அதனால எழுதிட்டேன்.

பட்டறை


மார்ச் 9, ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி

என்னங்க,

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று உங்களைக் கீழே அனுப்பிவிட்டார்கள். காவலாளியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாளைக் காலை ஆபரேஷன். வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு மருந்தைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கடலையே ஜாடியில் ஊற்றிக் கொடுத்தது போல இருந்தது. குடித்ததிலிருந்து கழிப்பறையிலேயே குடியிருக்கிறேன். இது கடைசி முறை என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது. கடைசி நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதுகூட எனக்கு இப்படித் தோன்றியதில்லை. ஒரு கழிப்பறையிடம் போய் விடைபெற்றுக்கொண்டு நிற்கிறேனே, இதற்கு அழுவதா சிரிப்பதா?

மத்தியானம் அந்தப் பையைக் கவனிக்கவென்றே இருக்கும் தனி நர்ஸ் வந்தார். சின்ன உருவம், பெரிய குரல். உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வயிறு எங்கே மடிகிறது என்று பார்த்தார். மடிப்பில் துளை வந்தால் பை ஒட்டாதாம். பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "படிக்கும்போது புஸ்தகத்தை எங்க வச்சுப்பீங்கம்மா?" வயிற்றில் சாய்த்து வைத்துக் காட்டினேன். சரியாக அந்தப் புள்ளியின் மேல்! அழித்துவிட்டுக் கொஞ்சம் கீழே வேறு புள்ளி வைத்தார். வரைபடத்தில் பிள்ளைகள் ஊரைத் தப்பாகக் குறித்தால் நான் திருத்துவது போல.

இனி என் உடம்பில் ஒரு ஊர் புதிதாக உண்டாகப் போகிறது. அதன் பெயர் எனக்குச் சொல்ல வரவில்லை. 'ஸ்டோமா' என்கிறார் நர்ஸ். ஏதோ விருந்தாளியின் பெயர் மாதிரி இருக்கிறது.

நீங்கள் கேட்டதையும் கேட்டேன். அழுத்தம் ஏறாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்துவிட வேண்டும். கிலோ கணக்கைக் கேட்டதும் நர்ஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வாக்கு நினைவிருக்கட்டும்.

டீச்சர்


மார்ச் 17

டீச்சருக்கு,

நீ கண்ணை மூடி மூடித் திறக்கிறே. முழிச்சதும் படிக்கணும்னு தலையணைக்கு அடியில வச்சிருக்கேன்.

கட்டி முழுசா வெளிய வந்துடுச்சு, ஓரமெல்லாம் சுத்தமா இருக்குன்னு பெரிய டாக்டர் சீட்டுல எழுதியே காட்டினார். இந்தத் தடவை புரிஞ்சுதான் தலையாட்டினேன்.

காலையில உன் நர்ஸ் பை மாத்த வந்தாங்க. நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுட்டேன். வாக்குன்னா வாக்கு. முதுகுக்குப் பின்னால ரொம்ப நேரம் பேசினாங்க. என்கிட்டத்தான்னு நெனைக்கிறேன். எதுக்கும் இருக்கட்டும்னு தலையாட்டி வச்சேன். அப்புறம் தோளைத் தட்டி, அளவு அட்டையில ஒரு வட்டத்தைச் சுத்திக் கோடு போட்டுக் கொடுத்தாங்க. தோலோட ஒட்டுற தகட்டுல அந்த அளவுக்கு ஓட்டை வெட்டணுமாம், கையால செஞ்சு காட்டினாங்க. என் தொழிலே அதுதானே!

வீட்டுக்கு வந்து பெட்டியில இருந்த தகடு முழுக்க வெட்டி வச்சுட்டேன். பட்டறை வெர்னியர் அளவுகோல் வச்சுப் பாத்தேன், எல்லாம் ஒரே அளவு, ஒரு பிசிறு கிடையாது. உனக்கு அந்த வேலையே வேணாம். எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

கட்டை நாற்காலி இனி உனக்கு ஆகாது, மாடி வீட்டம்மா எடுத்துக்கிட்டாங்க. உனக்கு மெத்துன்னு தடிமனா ஒரு திண்டு வாங்கி வச்சிருக்கேன். சீக்கிரம் வா. வீடு என்னைப் போலவே செவிடாக் கிடக்கு.

பட்டறை


ஏப்ரல் 14

என்னங்க,

இன்று காலை ஒரு கூத்து நடந்தது. எனக்கு அவசரமாகப் போக வேண்டும் போல இருந்தது. பழைய வழியில்! சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது, அங்கே இப்போது ஒன்றுமே இல்லை, தையல்தான் இருக்கிறது. அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். எடுத்துவிட்ட உறுப்பை மூளை கொஞ்ச நாள் தேடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தை இடித்த பிறகும் மணி மட்டும் அடிப்பது போல. மணி அடித்தால் எழுந்து ஓடுவதா, இல்லை என்று உட்கார்ந்திருப்பதா? என் உடம்பு சொல்வதில் எதை நம்புவது என்றே தெரியவில்லை.

இதைவிடக் குழப்பமான ஒன்று இருக்கிறது. கேட்டுவிடுகிறேன்.

போன வாரத்திலிருந்து நீங்கள் ஹாலில் படுக்கிறீர்கள். தலையணையைக்கூடக் கொண்டுபோய்விட்டீர்கள். காரணத்தை நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. என் வயிறு சமயத்தில் தானாகவே சத்தம் போடுகிறது. அது உங்களுக்குக் கேட்காது. அப்படியானால் நாற்றமா? பையின் மூடி நன்றாகத்தான் இருக்கிறது, நான் நூறு தடவை முகர்ந்து பார்த்துவிட்டேன். ஆனால் தன் வீட்டு நாற்றம் தனக்குத் தெரியாது என்பார்களே.

நான் அறைக்குள் வந்தால் உங்கள் கண் கூரைக்குப் போகிறது. டீயை வைத்துவிட்டுத் திரும்பி நிற்கிறீர்கள். என்னோடு இருக்கக் கஷ்டமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். மகள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய்விட்டு வருகிறேன். கோபமில்லை. தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

டீச்சர்


ஏப்ரல் 14, மதியம்

டீச்சருக்கு,

உன் முதல் லெட்டரைச் சட்டைப் பையிலயே வச்சிருக்கேன். கடைசி வரியை எடுத்துப் பாத்துக்கோ. நீ எழுதினதுதான்.

ராத்திரி விளக்கைப் போட்டுட்டு எழுந்து பையைக் காலி பண்ணப் போறே. அப்ப கண்ணை எங்க வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல. முதல்ல சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அப்புறம் யோசிச்சேன், தூக்கத்துல இந்தப் பக்கம் திரும்பிட்டா? கண்ணுல பட்டுட்டா? வாக்குத் தவறினவனா ஆயிடுவேனே! அதான் ஹாலுக்கு வந்தேன். ஹால்ல தூக்கமா வருது? கதவுக்கு அடியில உன் விளக்கு எரியுதான்னு பாத்துக்கிட்டே கிடக்கிறேன். கூப்பிட்டா எனக்குக் கேக்காது. வெளிச்சமாவது தெரியுமே.

நாத்தமாம் நாத்தம். இத்தனை வருஷம் என் கிரீஸ் நாத்தத்தோட பக்கத்துல படுத்தவ பேசற பேச்சா இது?

மகள் வீட்டுக்குப் போகணும்னா நானே கொண்டுபோய் விடறேன். ஆனா நீ போறது எதுக்குன்னு எனக்குப் புரியல. நீ சொன்னபடிதானே நடக்கிறேன்? எந்த இடத்துல தப்பு பண்ணினேன்? அதைச் சொல்லிட்டுப் போ.

தகடெல்லாம் சரியா உக்காருதா? நீ சொல்லவே இல்ல.

பட்டறை


ஏப்ரல் 16

என்னங்க,

தகடு சரியாக உட்காரவில்லை. உங்களிடம் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளாகவே ஓரத்தில் எரிச்சல். மூன்று நாள் முன்பு கசிந்து விரிப்பு வீணாகிவிட்டது. நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது துவைத்துப் போட்டேன். தடவிப் பார்த்தேன், சுற்றிலும் தோல் புண்ணாக இருந்தது. கட்டிதான் மறுபடி வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். மகள் வீடு என்று எழுதியதில் பாதி அந்தப் பயம்தான். இன்னொரு ஆபரேஷனுக்கு உங்களைத் தலையாட்ட வைக்க எனக்கு மனசில்லை.

இன்று காலை துணிந்து நர்ஸுக்கு போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா எப்ப அளந்தீங்கம்மா?" என்பதுதான். அளப்பதா? ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கித்தான் இருக்குமாம். வீக்கம் வடிய வடியச் சுருங்குமாம். முதல் சில வாரங்களுக்கு வாராவாரம் அளந்து தகட்டைச் சின்னதாக வெட்டிக்கொண்டே வர வேண்டுமாம். நாமோ ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் அளவிலேயே நிற்கிறோம். ஓட்டைக்கும் ஸ்டோமாவுக்கும் நடுவே உள்ள தோல் மலம் பட்டு வெந்துபோயிருக்கிறது. "கட்டியெல்லாம் இருக்காதும்மா, நாளைக்கு மத்தியானம் வந்து காட்டுங்க, சரி பண்ணிடலாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே, நல்லாத் தலையாட்டினாரே!" என்றார்.

போனை வைத்துவிட்டு உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். நின்றது ஏன்? நான் கேட்ட வாக்குக்காக. அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உதட்டசைவிலேயே உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும். நீங்கள் எந்த இடத்தில் தப்புச் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். எங்கும் இல்லை. வாக்கை வெர்னியர் வைத்துக் காப்பாற்றுகிற மனிதரிடம் தப்பான வாக்கைக் கேட்டு வாங்கியது நான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நீங்கள் அதைப் பார்க்கக் கூடாது என்றேனே, நானே இதுவரை பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் மாற்றியபோது கூரையைப் பார்த்தேன். இங்கே கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவித்தான் ஒட்டுகிறேன். நாம் இருவருமே பார்க்காத ஒன்றை யார் அளப்பது? போன் வைத்த பிறகு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். கண்ணாடியில் இடது வலது மாறுகிறது, குனிந்தால் வயிறு மறைக்கிறது. ஒரு பார்வைதான் கிடைத்தது. சிவப்பாக, ஈரமாக இருந்தது. உதட்டின் உள்பக்கம் போல. பயங்கரமாக இல்லை. அழகாகவும் இல்லை. என்னுடையது போல இன்னும் தோன்றவில்லை.

வாக்கைத் திருப்பிக் கொடுங்கள். தலையணையையும் பழைய இடத்தில் வையுங்கள். விளக்கைப் போட்டால் கண்ணை எங்கே வைப்பது என்று கேட்டீர்களே, எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்.

தொட்டால் எனக்கு வலிக்காது, அதற்கு வலி தெரியாது என்கிறார் நர்ஸ். தோல்தான் எரியும். நான் முகம் சுளித்தால் அது உங்களால் இல்லை.

நாளைக் காலை டீ குடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அளவு அட்டையோடு உள்ளே வாருங்கள். அளந்து பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்குச் சத்தமாகச் சொல்லுங்கள்.

டீச்சர்